இறங்கும்போதுதான் தெரியும்

முட்டித் தேய்மானம் உள்ளவனுக்கு மலை ஏறுவதுதான் கஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு ஏற்றத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் கதை வேறு. கீழே எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் பாரம் அந்த ஒரு மூட்டில் வந்து விழும். கடைசி இரண்டு வருடம் எங்கள் குழுவில் எப்போதும் நான்தான் கடைசி ஆள். ஏன் பின்தங்குகிறாய் என்று கேட்டால் படம் எடுக்கிறேன் என்பேன். அப்படிச் சேர்ந்த பாசி, காளான், பாறைப் படங்கள் மட்டும் போனில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். பார்க்கும்படி ஒன்றுகூட இல்லை.

மாத்திரை, முட்டியில் ஊசி, இறுக்கிக் கட்டும் பெல்ட் என்று எல்லாவற்றையும் போட்டு ஓட்டிப் பார்த்தேன். எக்ஸ்ரேயில் வலது முட்டியின் உள்பக்கம் இடைவெளியே இல்லாமல் எலும்பும் எலும்பும் ஒட்டி நின்றன. படத்தைக் காட்டி, "இதற்கு ஆபரேஷன் வேண்டுமா?" என்று டாக்டரிடம் கேட்டேன். "படத்துக்கு நாங்க ஆபரேஷன் பண்றதில்ல சார், ஆளுக்குத்தான். ராத்திரி தூக்கம் வருதா, நினைச்ச இடத்துக்கு நடந்து போக முடியுதா, அதைச் சொல்லுங்க" என்றார். இரண்டுக்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

முட்டி மாற்று ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு கையில் இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் தொடைத் தசைக்கான பயிற்சிகளை விடாமல் செய்தேன். இந்த மொத்த விவகாரத்தில் நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அதுதான். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தத் தசை தூங்கிப்போய்விடும். காலை நீட்டிப் படுத்துக்கொண்டு தூக்கு என்று மூளை சொல்லும், கால் அசையாது. முன்பே கொஞ்சம் பலம் சேமித்து வைத்திருந்தால் அந்தத் தசையை எழுப்புவது சுலபம்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, எனக்குத் தெரியவும் தெரியாது. முதுகில் ஊசி போட்டார்கள். தேய்ந்த எலும்பு நுனிகளைச் சீவிவிட்டுத் தொடை எலும்புக்கு ஓர் உலோகத் தொப்பி, கீழ்க்கால் எலும்பின் தலையில் ஓர் உலோகத் தட்டு, நடுவில் குருத்தெலும்புக்குப் பதிலாக ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் துண்டு. அன்று மாலையே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிட்டார்கள். நின்றேன், நாலு எட்டு வைத்தேன், இவ்வளவுதானா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். முட்டியைச் சுற்றிப் போட்ட மரத்துப்போகும் மருந்தின் தயவு அது என்பது மறுநாள் காலையில் தெரிந்தது.

பிசியோதெரபிக்கு வந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முதல் நாளே நான் கேட்ட கேள்வி, "எவ்வளவு மடக்க முடியும்?" பாறைகளில் ஏறி இறங்குகிறவனுக்கு அதுதானே கவலை. "மடக்குறது மெதுவா வரும் சார். முதல்ல நீட்டுறதைப் பாருங்க" என்றார். கோணம் அளக்கும் பிளாஸ்டிக் அளவுகோலைத் தொடையோடும் கெண்டைக்காலோடும் வைத்துப் பார்த்தார். மடக்கம் 65 டிகிரி. நீட்டும்போது முழுசாக நேராகாமல் 8 டிகிரி பாக்கி. 65-ஐப் பார்த்து நான் முகம் சுளித்தேன், அவர் 8-ஐப் பார்த்துச் சுளித்தார்.

காரணம் பிறகுதான் புரிந்தது. கால் முழுசாக நீளவில்லை என்றால் நடக்கும் ஒவ்வொரு அடியும் லேசாகக் குந்திக்கொண்டு நடப்பது மாதிரி. தொடைத் தசைக்கு ஓய்வே கிடைக்காது. அதனால் முட்டிக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. வைத்தால் சொர்க்கம் மாதிரி இருக்கும், அதுதான் ஆபத்து. மடங்கிய வாக்கிலேயே மூட்டு இறுகிவிடும். அதற்குப் பதில் துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டியை அந்தரத்தில் தொங்கவிட்டுப் பத்து நிமிடம் படுத்திருக்க வேண்டும். எத்தனையோ செங்குத்துப் பாதைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து நிமிடம் போல எதுவும் நீண்டதில்லை.

பகலெல்லாம் சமாளித்துவிடலாம், ராத்திரிதான் கொடுமை. எப்படிப் படுத்தாலும் கால் ஓர் இடத்தில் நிற்காது. ஆறு வாரம் தொடர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்கியதாக நினைவில்லை. இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அல்லது சொல்லியும் என் காதில் ஏறவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் வரச் சொன்னார்கள். அந்தப் பயத்தில் ராத்திரியில் கெண்டைக்காலை அமுக்கிப் பார்ப்பதே ஒரு வேலையாகிவிட்டது.

இரண்டாவது வாரம் தையல் பிரித்தார்கள். நான்காவது வாரம் வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. தடியை வலது கையில் பிடித்ததற்குத் திட்டு வாங்கினேன். வலது காலில் ஆபரேஷன் என்றால் தடி இடது கையில்தான் இருக்க வேண்டும். படிக்கட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

ஐந்தாவது வாரம் மடக்கம் 108 டிகிரிக்கு வந்தது, நீட்டல் கிட்டத்தட்ட நேர். அங்கேதான் புத்தி கெட்டது. வலியைப் பல்லைக் கடித்துத் தாண்டினால் உச்சி வரும் என்பது மலையேறுகிறவர்களின் பழக்கம். ஆறாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமதளம்தானே என்று காட்டுப் பாதையில் நாலு கிலோமீட்டர் நடந்தேன். நடக்கும்போது வலியே இல்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுந்தால், முட்டிச் சில்லின் விளிம்பே தெரியாமல் கால் ஒரே உருளையாக இருந்தது. தொட்டால் அனல். மறுநாள் அளந்தபோது 90 டிகிரி. மூன்று வார உழைப்பு ஒரே நடையில் போயிற்று. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, ஐஸ் பையை மட்டும் கொண்டுவந்து பக்கத்தில் 'டொப்' என்று வைத்தாள்.

பிசியோ பெண்ணும் திட்டவில்லை. தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்றைக் கையில் கொடுத்தார். "வலியை நம்பாதீங்க சார், வீக்கத்தை நம்புங்க. தினமும் ராத்திரி முட்டிச் சில்லுக்கு நடுவுல சுத்தி அளந்து எழுதுங்க. ஒரு சென்டிமீட்டருக்கு மேல ஏறினா மறுநாள் குறைச்சுக்கோங்க." எனக்குக் கிடைத்ததிலேயே சிறந்த மருந்துச்சீட்டு அந்த நாடாதான்.

மூன்றாவது மாதத்திலிருந்து வேறு மாதிரி பயிற்சி. நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளில் முதலில் பின்னோக்கித்தான் முழுச் சுற்று வந்தது, சில நாள் கழித்து முன்னோக்கி. அதைவிட முக்கியம், வீட்டு வாசல் படி. ஆபரேஷன் செய்த காலில் படிமேல் நின்று, மற்ற காலைக் கீழே தரையை நோக்கி இறக்க வேண்டும். விழக் கூடாது, நாலு எண்ணும் வரை மெதுவாக இறங்க வேண்டும். முதல் நாள் இரண்டு எண்ணுவதற்குள் தடாலென்று போனது. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும், பிரேக் போல. அந்தப் பிரேக்கைத் திரும்பக் கட்டத்தான் அடுத்த மூன்று மாதம் போனது.

ஆறாம் மாதம் ஒரு சின்னக் குன்று. முதுகுப் பை இல்லை, இரண்டு கையிலும் நடைக்கம்பு. இறக்கத்துக்கு முன்னால் கம்புகளின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டேன். முதலில் கம்புகள், பிறகு கால், நேராக இறங்காமல் வளைந்து வளைந்து. உலோகமும் பிளாஸ்டிக்கும் உள்ளே 'டக் டக்' என்று தட்டும் சத்தம் கேட்கும், அது பழகிவிட்டது. தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் உணர்ச்சி மரத்திருக்கிறது. துணியை மூடி அதன் மேல் தொடுவது போல இருக்கும். மண்டியிட்டால் கூழாங்கல் மேல் உட்கார்ந்த மாதிரி உறுத்தும். ஓடுவதையும் பாறையிலிருந்து குதிப்பதையும் விட்டாயிற்று. அந்தப் பிளாஸ்டிக் துண்டும் தேயும் பொருள்தான்.

பதினோராம் மாதம் பழைய குழுவோடு பழைய மலைக்கே போனேன். ஏறியதில் சொல்ல ஒன்றுமில்லை. இறங்கும்போது நடுவில் வந்தேன், வேகமாக இல்லை, ஆனால் யாரும் எனக்காக நிற்கவில்லை. ராத்திரி நாடாவை எடுத்து அளந்தேன், அரை சென்டிமீட்டர் ஏறியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து என் போனைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "என்னங்க, இன்னிக்கு ஒரு படம்கூட எடுக்கலையா?"