காசிலிருந்து வந்தது எந்தக் கேஷ்?

“இங்கிலீஷ் கேஷ் நம்ம காசிலிருந்து போனது” என்ற செய்தி வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றுகிறது. உடனே ஒருவர் வந்து “கிடையாது, அது லத்தீன்” என்று மறுப்பார். இரண்டு பேரும் பாதி சரி. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு தனிச் சொற்கள் உண்டு. எழுத்து ஒன்று, ஒலிப்பு ஒன்று, பிறந்த வீடு வேறு. பெரிய ஆங்கில அகராதிகள் தலைச்சொல்லோடு 1, 2 என்று எண் போட்டு இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்திருக்கும். முதல் பதிவைப் படித்ததோடு அகராதியை மூடிவிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

நாம் கடையில் கொடுக்கும் கேஷ் லத்தீன் வழி வந்தது. லத்தீனில் காப்ஸா என்றால் பெட்டி. அது இத்தாலியில் காஸ்ஸா ஆகி, பிரான்சில் கேஸ் ஆகி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது பணப்பெட்டியையும் குறித்தது. அதாவது நம்ம கல்லாப்பெட்டி. நாளடைவில் பெட்டியின் பெயர் உள்ளே கிடக்கும் பணத்துக்கு ஆகிவந்தது. “இன்னிக்குக் கல்லா எவ்வளவு?” என்று கேட்கும் நமக்கு இது புதிதில்லை, இடவாகுபெயர். மாத்திரைக் கேப்சூல், லாரியின் சேஸிஸ், சூட்கேஸில் இருக்கும் கேஸ் எல்லாமே இந்தக் காப்ஸாவின் பிள்ளைகள். கோர்ட்டில் நடக்கும் கேஸ் மட்டும் இதில் சேராது. அது ‘விழுதல், நேர்தல்’ என்று பொருள்படும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

இனி நம்முடைய காசு. இதன் வயதைக் கணக்கில் எடுக்காமல், போர்ச்சுக்கீசியர் சொல்லைத்தான் நாம் காசு என்று ஆக்கிக்கொண்டோம் என்பவர்களும் உண்டு. அதற்கு வழியே இல்லை. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தது 1498இல். அதற்கு ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுக்கு முன்பே தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் காசைக் கடன் கொடுத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு, வட்டி என்று கணக்குச் சொல்கின்றன. குறுந்தொகையின் 67ஆம் பாட்டு இன்னும் பழையது. கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருப்பது, நகைக்குப் புது நூல் கோப்பவர் கூரிய நகத்தில் பிடித்திருக்கும் பொற்காசு போல இருக்கிறதாம். மஞ்சளாக, உருண்டையாக, நகநுனியில் அடங்குகிற அளவில் ஒரு காசு கண்முன் வந்துவிடுகிறது. ஆங்கில அகராதிகள் காசுக்கும் முன்னால் போய், கர்ஷம் என்ற வடமொழி எடைப்பெயரோடு அதை முடிச்சுப் போடுகின்றன.

போர்ச்சுக்கீசியர் இந்தக் காசைத் தங்கள் மொழியில் கைஷா என்று எழுதினார்கள். கைஷா என்றால் அவர்களுக்கு ஏற்கெனவே பெட்டி. அதுவும் காப்ஸாவின் வழித்தோன்றல்தான். காதில் விழுந்த புதுச் சொல்லுக்குப் பழகிய சொல்லின் உருவத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஆக, கலப்பு ஆங்கிலத்துக்கு வருமுன்பே தொடங்கிவிட்டது. ஆங்கிலேயர் அதைக் கேஷ் என்று வாங்கிக்கொண்டு தென்னிந்தியச் சின்னச் செப்புக்காசுகளுக்கு வைத்தார்கள். சீனாவின் நடுவில் சதுர ஓட்டை போட்ட வார்ப்புக்காசுக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். சீனர்கள் ஆயிரம் காசை ஒரு கயிற்றில் கோத்து எண்ணினார்கள். அவர்கள் யாரும் அதைக் கேஷ் என்று சொன்னதில்லை.

சென்னையில் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, போட்ட கணக்கு இப்படி: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன், ஒரு வராகன் மூன்றரை ரூபாய். பெருக்கிப் பார்த்தால் ரூபாய்க்கு 960 காசு. திருவிதாங்கூரில் வேறு கணக்கு: 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய், ஆக 448 காசு. பழைய ஆவணத்தில் காசுக் கணக்கைப் பார்த்தால், எந்த ஊர்க் காசு என்று தெரியாமல் ரூபாய்க்கு மாற்றக் கூடாது. தொகை இரண்டு மடங்குக்கும் மேல் தவறிவிடும்.

1808 என்று ஆண்டு பொறித்த இருபது காசு நாணயம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். செம்பு, குறுக்களவு சுமார் 31 மில்லிமீட்டர். ஒரு பக்கம் கும்பினியின் சின்னம், இரண்டு சிங்கங்கள். மறுபக்கம் பாரசீக எழுத்தில் ‘இருபது காசு நாலு பலூஸ்’; பலூஸ் என்பதும் ஒரு செப்புக்காசின் பெயர்தான். கீழே ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் ஆங்கில எழுத்தில் கேஷ். பர்மிங்ஹாமில் அடித்துக் கப்பலேற்றிய காசு இது. அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்துக் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. அதில் வந்த பத்து காசும் இருபது காசும் 1980களில் மூட்டை மூட்டையாக வெளியே வந்தன. இன்று நாணயம் சேர்ப்பவர்களிடம் இருப்பதில் நிறைய அந்தச் சரக்குதான்.

எழுத்தில் எந்தக் கேஷ் என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. முன்னால் எண் வருகிறதா பாருங்கள். லத்தீன் கேஷை எண்ண முடியாது. ‘ஐந்து கேஷ் கொடுத்தேன்’ என்று ஆங்கிலத்தில் யாரும் எழுதுவதில்லை. ‘ஐந்து கேஷ்’ என்று இருந்தால் அது நாணயம், நம்ம காசு. பன்மையிலும் உருவம் மாறாது.

கேஷியரிலும் இதே சிக்கல் உண்டு. வங்கியில் இருப்பவர் காப்ஸா வீட்டுக்காரர். ஆனால் படை வரலாறுகளில் ஓர் அதிகாரியை ‘கேஷியர் செய்தார்கள்’ என்று வரும் வினைச்சொல் டச்சு வழியாக வந்தது. இழிவோடு பதவியைப் பறித்து வெளியேற்றுவது என்று பொருள். அதன் லத்தீன் மூலத்துக்கு ‘செல்லாததாக்கு’ என்று அர்த்தம். எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் போடும் குவாஷ் மனுவின் குவாஷும் அந்த உறவுதான். மொழிபெயர்ப்பில் இந்த இடத்தில் ‘காசாளர்’ என்று போட்டுவிட்டால் வாக்கியத்தின் பொருளே தலைகீழாகிவிடும்.