சாறே, உங்களையும் சமையலுக்கு மாத்தியாச்சா?

இருபத்திரண்டு வருட சர்வீஸில் நான் போன பயிற்சிகளை எண்ணினால் கைவிரலும் கால்விரலும் சேர்ந்தாலும் பத்தாது. 2007-ல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது பாய் விரித்து உட்கார்ந்து அட்டை அடுக்கப் பழகினேன். 2019-ல் மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சியான நிஷ்தா. கொரோனா காலத்தில் வீட்டுக்குள்ளேயே பயிற்சி. போனில் வீடியோ தன்பாட்டுக்கு ஓடும், நான் பக்கத்திலிருந்து மரச்சீனிக்கிழங்கு உரிப்பேன். 2022-ல் எண்ணும் எழுத்தும். அது சின்ன வகுப்புகளுக்கானது, நான் எடுப்பதோ ஆறு முதல் எட்டு. இருந்தாலும் ஆள் குறைகிறது என்று என்னையும் அனுப்பினார்கள். பிள்ளைகளின் கற்றல் நிலைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று எழுதிவிட்டு வந்தேன்.

'எழுதிவிட்டு' என்பதைக் கவனிக்கவும். இத்தனை பயிற்சியிலும் நான் செய்தது அது ஒன்றுதான். என் கையெழுத்து உருண்டையாக, வரி பிசகாமல் இருக்கும். குழு பிரித்த அடுத்த நிமிடம் ஸ்கெட்ச் பேனா என் கைக்கு வந்துவிடும். மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து விவாதிப்பார்கள். நான் தரையில் குந்தியிருந்து தலைப்புக்கு நிழல் போட்டுக்கொண்டிருப்பேன். என்ன விவாதம் நடந்தது என்று கேட்டால் தெரியாது. எந்தப் பேனா மை இறங்கவில்லை என்று கேட்டால் சொல்வேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஜூனில் நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்துப் பயிற்சி. இடவப்பாதி மழை அன்றைக்கென்று பார்த்துக் கொட்டுகிறது. கருங்கலில் பஸ் ஏறினேன். திங்கள்சந்தையிலேயே அரை மணி நேரம் போய்விட்டது. ஒன்பதரைக்கு நிற்க வேண்டியவன் போய்ச் சேர்ந்தபோது பத்தே கால். குடையில் ஒரு கம்பி மடங்கி, இடது தோள் முழுக்க வெள்ளம். வாசலில் ஒரு பேனர் மழையில் நனைந்து சுருண்டு தொங்கியது. 'பயிற்சி முகாம்' என்கிற கடைசி வரி மட்டும் தெரிந்தது. நமக்கு அது போதுமே. கீழே திறந்திருந்த முதல் ஹாலுக்குள் நுழைந்து, நீட்டிய பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பதிவேட்டில் 'மையத்தின் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. பள்ளிப் பெயரை எழுதினேன். அடுத்த கட்டம் 'பயனாளிகள் எண்ணிக்கை'. மாணவர்களை இப்போது இப்படித்தான் சொல்கிறார்கள் போல என்று நினைத்து அதையும் நிரப்பினேன். மாதத்துக்கு ஒரு புது வார்த்தை வருகிற துறை இது, எதற்கென்று கேட்பது?

நாற்பது பேர் இருப்பார்கள், என்னைத் தவிர எல்லாரும் பெண்கள். ஆரம்பப்பள்ளி டீச்சர்மாரையும் சேர்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டேன்.

கருத்தாளராக வந்த மேடம் அப்போது வரலாறு சொல்லிக்கொண்டிருந்தார். 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது, 1956-ல் காமராஜர் அதை மாநிலத் திட்டமாக்கியது, 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தது எல்லாம் வரிசையாக வந்தன. கல்வி வரலாற்றில் இது இல்லாமல் முடியுமா? குறித்துக்கொண்டேன்.

அப்புறம் மேடம் கேட்டார்: "சாம்பாருக்குப் பருப்பு வேகுறதுக்கு முன்னால புளியை ஊத்தினா என்ன ஆகும்?"

ஹாலே ஒரே குரலில் சொன்னது: "பருப்பு வேகாது!"

இந்த இடத்தில் என் நிலைமையைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். எந்தப் பயிற்சியும் நேராகப் பாடத்துக்குள் நுழையாது. ஒருமுறை வாளிக்குள் கல், ஜல்லி, மணல் என்று வரிசையாகப் போட்டு நேர மேலாண்மை சொல்லித்தந்தார்கள். இன்னொரு முறை நூல்கண்டைத் தூக்கிப்போட்டு எங்களை வைத்தே வலை பின்னி, கூட்டுமுயற்சி என்றார்கள். அந்தச் சிக்கலைப் பிரித்து முடிப்பதற்குள் தேயிலை ஆறிவிட்டது. இப்படிப் பழகினவனிடம் ஒருவர் புளி, பருப்பு என்றால் அவன் என்ன நினைப்பான்?

ஆகா, நல்ல உவமை என்று நினைத்தேன். நோட்டில் எழுதினேன்: 'பருப்பு = அடிப்படைத் திறன். புளி = தேர்வு. அடிப்படை வேகுமுன் தேர்வு வைத்தால் பிள்ளை கடைசிவரை வேகாது.' எழுதி முடித்ததும் எனக்கே மெய்சிலிர்த்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு கருத்தாளர் சொன்னது எனக்கு மனசிலாகியிருக்கிறது.

மேடம் நிறுத்தவில்லை. காயைக் கழுவிவிட்டுத்தான் நறுக்க வேண்டும், நறுக்கின பிறகு கழுவினால் சத்து வெள்ளத்தோடு போய்விடும். நான்: 'முன்தயாரிப்பு பாடத்துக்கு முன்பே.' அயோடின் உப்பைக் கடைசியில் போடுங்கள், முதலிலேயே போட்டுக் கொதிக்கவைத்தால் அயோடின் குறைந்துபோகும். நான்: 'கண்டிப்பு கடைசியில், அளவாக.' தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு அரிசி நூறு கிராம், ஆறு முதல் எட்டு வரை நூற்றைம்பது. இதற்கு மட்டும் கொஞ்சம் தடுமாறினேன். பிறகு 'வயதுக்கேற்ற கற்றல் விளைவு' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

வேறு வேறு மாவட்டத்தில் வேலை பார்க்கும் நண்பர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில், 'இன்றைய பயிற்சி மிக அருமை, வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள்' என்று போட்டேன். பயிற்சியைப் பற்றி நல்லதாக நான்கு வார்த்தை யாரும் எழுதி அந்தக் குழு பார்த்ததில்லை. போன் தொலைந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டார்.

பதினொன்றரைக்குத் தேயிலையும் ரசவடையும் வந்தன. வடையைப் பிட்டு வாயில் வைக்கும்போது பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல்.

"சாறே, உங்களையும் சமையலுக்கு மாத்தியாச்சா?"

திரும்பினால் எங்கள் பள்ளிச் சத்துணவு மையத்துச் சமையலர் அக்கா. கையில் தேயிலை கிளாஸ், முகத்தில் மெய்யான கவலை.

"அக்கா, நீங்க என்ன இஞ்ச?"

"இது எங்களுக்க பயிற்சியில்லா! ஹெச்.எம். எங்களைக் கண்காணிக்கத்தான் உங்கள அனுப்பியிருக்காருன்னு நெனச்சு பின்னால பதுங்கி இருந்தேன். நீங்க என்னடான்னா உப்பு போடுறது வரைக்கும் ஒண்ணு விடாம எழுதுதிய. பேடிச்சுப் போச்சு சாறே."

ரசவடை தொண்டையில் நின்றது. எங்கள் பயிற்சி மாடியில் என்று சொன்னார் அக்கா. அவர் படியேறி வரும் ஆசிரியர்களைக் காலையிலேயே பார்த்திருக்கிறார்.

பையை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தேன். வராந்தாவைத் தாண்டுவதற்குள் தீயணைப்புத் துறையினர் இருவர் முற்றத்தில் ஒரு கேஸ் சிலிண்டரை இறக்கிவைத்து, மேடம் எல்லாரையும் வெளியே வரச் சொல்லிவிட்டார். மழை விட்டிருந்தது. நாற்பது பெண்களுக்கு நடுவில் ஓட்டைக் குடையோடு ஒரே ஒரு ஆண்.

"வாங்க சார், நீங்களே முதல்ல செஞ்சு காட்டுங்க."

"இல்ல, நான் வந்து..."

"பயப்படாதிய சார், நாங்க பக்கத்துலதான் நிக்கோம்."

வருடா வருடம் எட்டாம் வகுப்புக்கு எரிதல் பாடம் எடுப்பவன் நான். எரிவதற்கு எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் மூன்றும் வேண்டும், ஒன்றை விலக்கினால் தீ அணையும் என்று கரும்பலகையில் முக்கோணம் போட்டு, அதற்கும் நிழல் கொடுத்திருக்கிறேன். ஆனால் சிலிண்டர் வாயிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குத் தீ 'புஸ்ஸ்' என்று சீறிக்கொண்டிருக்கும்போது ஈரச் சாக்கைக் கையில் பிடித்து நின்றால், அந்த முக்கோணத்தில் ஒரு மூலைகூட நினைவுக்கு வராது.

காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி நில், சாக்கைக் கேடயம் மாதிரி முன்னால் பிடி, கை உள்ளே மறையட்டும், நெருங்கிப்போய் ஒரே மூச்சில் மூடி அமுக்கு, அணைந்ததும் வால்வைத் திருகு. அவர்கள் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு செய்தேன். கண்ணைத் திறந்தால் தீயில்லை. வால்வையும் திருகியிருக்கிறேன். நாற்பது பேரும் கைதட்டினார்கள். நான் மாநாட்டில் பேசியபோதுகூட இவ்வளவு கைதட்டல் வாங்கினதில்லை. அக்கா எல்லாருக்கும் கேட்கும்படி, "எங்க பள்ளிக்கொடத்துச் சாறு" என்றார்.

அடுத்து அக்கா போனார். முந்தானையை இடுப்பில் செருகினார், சாக்கை எடுத்தார், அடுப்பிலிருந்து பானை இறக்குவது மாதிரி முடித்துவிட்டு வந்தார். கண்ணை மூடவும் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு மாடி ஏறினேன். சட்டையில் கரி, உடம்பெல்லாம் சாக்கு வாடை. அங்கே வெளி மாவட்டத்திலிருந்து வந்த கருத்தாளர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்: "1956. இந்த வருஷத்தோட முக்கியத்துவம் என்ன?"

குமரி மாவட்டத்தில் வந்து கேட்கக்கூடிய கேள்வியா இது? "நவம்பர் ஒண்ணு! தமிழ்நாட்டோட சேர்ந்தோம்!" என்று ஹால் முழுக்க ஒரே குரல். பெரியவர் ஒருவர் எழுந்து எல்லைப் போராட்டத்தைத் தொடங்கிவிட்டார். கருத்தாளர் கையெடுத்துக் கும்பிட்டு அவரை உட்காரவைத்து, "வேற?" என்றார். காலையில் படித்த பாடம் சூடு ஆறாமல் இருந்ததால் நான் "காமராஜர், மதிய உணவு" என்றேன். அவர் எதிர்பார்த்தது பெஞ்சமின் ப்ளூம். கற்றல் நோக்கங்களை ஆறு படிகளாகப் பிரித்து அவரும் குழுவினரும் புத்தகம் போட்ட வருடமாம். மூன்றும் ஒரே வருடத்தில் நடந்ததைப் பற்றிக் கருத்தாளரைத் தவிர நாங்கள் எல்லாரும் பத்து நிமிடம் வியந்துகொண்டிருந்தோம்.

குழு பிரித்தார்கள். பழையாறு, பரளியாறு, கோதையாறு, வள்ளியாறு. நான் பழையாறு. ஸ்கெட்ச் பேனா நீட்டப்பட்டது. முதல்முறையாக, வேண்டாம் என்றேன். எனக்குச் சொல்வதற்கு ஒன்று இருந்தது. எழுந்துநின்று புளியையும் பருப்பையும் சொன்னேன். ப்ளூமின் கீழ்ப்படிகளான நினைவும் புரிதலும் வேகாமல், மேற்படியான பகுப்பாய்வைக் கொண்டுபோய் ஊற்றினால் என்ன ஆகும் என்றும் சேர்த்துக்கொண்டேன். கருத்தாளர் அப்படியே நின்றுவிட்டார். "சார், இதை நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். பழையாற்றின் சார்ட் கோணல்மாணலாக இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு தாள். ஒன்றில், அன்றைய பயிற்சிக்கு முற்பகல் நான் வரவில்லை, விளக்கம் தரவும் என்று இருந்தது. இன்னொன்று பூ வேலைப்பாட்டுக் கரையோடு ஒரு சான்றிதழ். சத்துணவு மையச் சமையலர், உதவியாளர்களுக்கான பயிற்சியில் நான் சிறப்பாகப் பங்கேற்றேனாம்.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. சான்றிதழை இரண்டு முறை வாசித்தார்.

"நல்லதாப் போச்சு. வியாழக்கிழமை அக்காவுக்க மகளுக்கு நிச்சயம், லீவு. உதவியாளர் ஒத்தைக்கு என்ன செய்வாங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன். மேற்பார்வைக்கு நீங்க நில்லுங்க. சர்டிபிகேட் வச்சிருக்கிய இல்லா?"

வியாழக்கிழமை சாம்பார். முதல்நாளே அக்கா எனக்கு போன் போட்டார், "சாறே, நோட்டுல எழுதினது இருக்கு இல்லா?" என்றார்.

இருந்தது. புளியைக் கடைசியில்தான் ஊற்றச் சொன்னேன். உப்புப் போடச் சொல்லத்தான் மறந்துபோனேன்.