பலகையில் ஒரு திகதி

கிழக்கிலங்கையில், கல்முனைக்குத் தெற்கே, கடற்கரை வீதியிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, ஒரு சின்ன நூலகத்தில் பதினேழு வருடம் உதவியாளராக இருந்தேன். வாசலில், செருப்புக் கழற்றுகிற இடத்துக்கு மேலே ஒரு கரும்பலகை. அதில் ‘வரலாற்றில் இன்று’ எழுதச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவு தரவில்லை. பலகை சும்மா கிடக்கிறதே என்று 2008இல் நானாகத் தொடங்கினேன். தொடங்கிய பிறகு நிறுத்த வழியில்லை. ஒரு நாள் எழுதாமல் விட்டால், பேப்பர் பார்க்க வருகிற கிழவர்கள் கேட்பார்கள்: “என்ன தம்பி, இண்டைக்கு உலகத்துல ஒண்டும் நடக்கல்லையா?”

ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி வாங்கி, திகதிக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். கலைக்களஞ்சியத்தில், பழைய பொது அறிவுப் புத்தகங்களில் எது அகப்பட்டாலும் அந்தப் பக்கத்தில் ஏறும். பக்கங்கள் நிரம்ப நிரம்பத்தான் ருசி தெரிந்தது. கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8. சரியாக முந்நூறு வருடம் கழித்து, 1942 ஜனவரி 8இல் ஸ்டீபன் ஹாக்கிங் பிறக்கிறார். அவர் 2018இல் இறந்தது மார்ச் 14. அது ஐன்ஸ்டைனின் பிறந்த நாள். இதைப் பலகையில் போட்ட அன்று பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்கள். ஒருவன் ‘இது கடவுள் செய்தது’ என்றான். இன்னொருவன் ‘அண்ணன் இட்டுக்கட்டினது’ என்றான்.

இந்த விஷயத்தில் என் தலைக்கனத்தை இறக்கியவர் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர். ஒரு நாள் மேசைக்கு வந்து, “அங்கத்தவர் அட்டையில எது வேணுமெண்டாலும் இருவத்திமூண்டு எடுங்க தம்பி” என்றார். எடுத்தேன். பிறந்த திகதிகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். பதினெட்டாவது அட்டையில் ஒரு ஒக்டோபர் திகதி இரண்டாம் தரம் வந்தது. ஒரு மீன் வியாபாரியும் பத்தாம் வகுப்புப் பிள்ளையும். இருபத்துமூன்று பேர் இருந்தாலே இருவருக்கு ஒரே பிறந்த நாள் வருவதற்குப் பாதிக்குச் சற்று மேல் வாய்ப்பு இருக்கிறதாம். “வருசத்துல இருக்கிறது 365 நாள். நடந்தது எத்தின கோடி? ஒண்டு மேல ஒண்டு விழாமல் எங்க போகும்?” என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவரே பிறகு ஏப்ரல் 23இலும் பிடித்தார். அது உலகப் புத்தக நாள், நூலகத்துக்குப் பெருநாள் மாதிரி. ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் 1616இல் ஒரே நாளில் இறந்தார்கள் என்று கலர் வெண்கட்டியால் எழுதி, சுற்றிப் பூவும் கீறியிருந்தேன். கணித சேர் வாசித்துவிட்டு, ஸ்பெயினும் இங்கிலாந்தும் அப்போது ஒரே கலண்டரா பார்த்தன என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். ஸ்பெயின் 1582இலேயே புதிய கிரகரி நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழையதையே வைத்திருந்தது. 1616இல் இரண்டுக்கும் பத்து நாள் இடைவெளி. ஸ்பெயின் கணக்குப்படி ஷேக்ஸ்பியர் இறந்தது மே 3. போதாக்குறைக்கு, செர்வாண்டிஸ் இறந்தது 22ஆம் திகதி என்கிறார்கள். 23 அடக்கம் செய்த நாள். பூவை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை அழித்தேன்.

எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. ஜனவரியைத் தை என்றும் டிசம்பரை மார்கழி என்றும் எழுதுவது நமக்குப் பழக்கம். உண்மையான தை பிறப்பதோ ஜனவரி நடுவில். ஊர்ப் பெரியவர் ஒருவரின் பழைய கல்வெட்டு நூலகத்தில் இருந்தது. கல்வெட்டு என்றால் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். அதில் ‘பங்குனி 12’ என்றிருந்ததை மார்ச் 12 என்று எடுத்துப் பலகையில் போட்டுவிட்டேன். மத்தியானத்துக்குள் அவருடைய பேரன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அது தமிழ்ப் பங்குனி, மார்ச் 25 அளவில் வருவது. “எங்கட அப்பப்பாவ ரெண்டு கிழமைக்கு முதலே சாகக் குடுத்திட்டியள்” என்றார். கோபமாகச் சொன்னாரா சிரித்துக்கொண்டு சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்து ஊர் முஸ்லிம் வாசகர்களின் மாதங்கள் இன்னொரு கணக்கு. வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகர்ந்துகொண்டே போகும். ஒரே பலகைக்குக் கீழே மூன்று நாட்காட்டிகள் செருப்புக் கழற்றின.

சில திகதிகளை எழுதுவதற்கு வெண்கட்டி போதாது, தைரியமும் வேண்டும். மே 18க்கு என் கொப்பியில் பழைய குறிப்பொன்று இருந்தது. 1638இல் அந்தத் திகதியில்தான், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார்கள். இத்தீவில் அவர்கள் கையில் விழுந்த முதல் கோட்டை அது. 2009இல் அந்த நாளில் போர் முடிந்த பிறகு அந்தத் திகதி எங்களுக்கு வேறொன்றாகிவிட்டது. 2010இல் 1638ஐ மட்டும் எழுதினேன். ஒரு வரி. வழக்கமாக ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் அன்று நின்று வாசித்தார்கள். அந்த ஒரு வரியை வாசிக்க அவ்வளவு நேரம் ஆகாது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஏப்ரல் 21ம் அப்படித்தான். 1526 பானிபட் போரை அந்தத் திகதியில் வருடா வருடம் சந்தோஷமாக எழுதி வந்தவன் நான். 1987இல் கொழும்பு மத்திய பஸ் நிலையத்தில் குண்டு வெடித்ததும் அதே திகதியில்தான் என்று கொப்பியில் இருந்தது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்குப் பிறகு பானிபட் எழுதவும் கை வரவில்லை.

டிசம்பர் 26ஐப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

2008இல் அந்தப் பக்கத்தை நிரப்பும்போது என் புத்தியில் கொப்பிதான் இருந்தது, ஊர் இல்லை. 1791 சார்ள்ஸ் பாபேஜ் பிறப்பு. 1893 மாவோ பிறப்பு. 1898 ரேடியம் பற்றிய அறிவிப்பு, கியூரி தம்பதி. 1991 சோவியத் ஒன்றியம் கலைப்பு. 2003 ஈரானில் பாம் நகர நிலநடுக்கம், 26,000க்கு மேற்பட்டோர் பலி. கடைசி வரி: 2004 சுனாமி. வருட ஒழுங்கில் எழுதினால் அது கடைசியில்தானே வரும் என்று நினைத்தேன். இலங்கையில் ஆகக் கூடுதலாகச் செத்தது எங்கள் அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கு மேல். அதை மாவோவுக்கும் பாபேஜுக்கும் கீழே, இடம் போதாமல், எழுத்தைச் சிறிதாக்கி எழுதியிருந்தேன்.

நூலகத்தைக் கூட்டித் துடைக்க வரும் மாமிக்கு எழுத்து வாசிப்பு மட்டு. தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, “என்ன மனே எழுதிக் கிடக்கு?” என்று கேட்டா. அவவுக்கு இரண்டு பிள்ளைகள் அந்தக் காலையில் போயின. எனக்கு அது தெரியும். தெரிந்தும் வாசித்தேன், வாசிக்காமல் விட்டிருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும். பாபேஜ், மாவோ எல்லாம் அவ காதில் விழவில்லை. பாமில் மட்டும் நிறுத்தினா.

“அது எந்த வருசம்?”

“எங்கடதுக்குச் சரியா ஒரு வருசம் முந்தி, மாமி. இதே திகதி.”

“எத்தின மணிக்கு?”

கொப்பியைப் பார்த்தேன். அதிகாலை 5.26.

“அப்ப பாயில கிடந்திருப்பாங்க” என்றா. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றா. “எங்கட புள்ளையள் எழும்பித் தேத்தண்ணி குடிச்சிற்றுதுகள்.”

சுமத்ராவுக்கு அப்பால் கடலடி நிலம் உடைந்தபோது இங்கே மணி ஏழாக இரண்டு நிமிடம். அலை கரைக்கு வரும்போது வீடுகளில் சட்டி அடுப்பில் இருந்தது. 9.25க்கு, நாடு முழுக்க இரண்டு நிமிடம் மௌனம் காக்கும் நேரத்தில், மாமி தும்புத்தடியைப் பிடித்தபடியே நின்றா. நான் அழிப்பானை எடுத்து மாவோவையும் பாபேஜையும் ரேடியத்தையும் சோவியத்தையும் அழித்தேன். பாமும் எங்களதும் மிஞ்சின. அடுத்து வந்த வருடங்களிலும் அந்த இரண்டு வரிதான்.

ஆனால் மாமிக்கு டிசம்பர் 26 முழு நாள் இல்லை. அன்றைக்குக் கடற்கரைத் தூபியில் விளக்கு வைப்பா. படையல் வைப்பது திதிக்கு. 2004இல் அது மார்கழிப் பூரணை, போயா விடுமுறை நாள். திதி எங்கே ஒரு திகதியில் நிற்கும்? டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை அலையும். வருடா வருடம் பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து, “பார்த்துச் சொல்லு மனே” என்று மேசையில் வைப்பா. ஆக, அவவுக்கு அந்தக் காலை வருடத்தில் இரண்டு தரம் வரும்.

2023க்குப் பஞ்சாங்கம் பார்த்தபோது இரண்டு முறை விரல் வைத்துப் பார்த்தேன். பூரணை டிசம்பர் 26. பத்தொன்பது வருடத்துக்கு ஒருமுறை சந்திரக் கணக்கும் சூரியக் கணக்கும் ஏறக்குறைய அதே இடத்தில் வந்து சந்திக்கும் என்று கணித சேர் எப்போதோ சொன்னது அப்போதுதான் உறைத்தது. 235 சந்திர மாதம், 19 வருடம். அவர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

போயா என்பதால் நூலகம் பூட்டு. பலகையில் எழுத ஒன்றுமில்லை. விடுமுறைக்கு முந்திய கிழமை மாமியிடம் சொன்னேன்.

“ரெண்டும் ஒரே நாளா?” என்று கேட்டுவிட்டு, வாளித் தண்ணீரில் துணியைப் பிழிந்தா. “அப்ப வெள்ளனக் கடற்கரைக்குப் போயிற்று வந்துதான் உலை வைக்கணும். நீயும் மத்தியானம் சாப்பிட வா மனே, சின்னவளுக்கு இறால் விருப்பம்.”