கூத்துக்குக் காசு கேட்டோம், என்ஜினியர் வந்தார்

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கூத்து சொல்லித்தர வாத்தியாருக்கு ஒரு தொகை, உடுப்புக்கும் மிருதங்கத்துக்கும் கொஞ்சம் உதவி. எங்கள் ஊர்க் கூத்துக் குழுவுக்காக நாங்கள் மனுவில் கேட்டது இவ்வளவுதான். பதிலுக்கு டேப்போடு ஒரு என்ஜினியர் வந்து திரௌபதி அம்மன் கோயில் திடலை அளந்தார். “கலையரங்கம் கட்ட எஸ்டிமேட் போடச் சொல்லியிருக்காங்க.”

அவர் மேல் தப்பில்லை. எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். ஆனால் அது கட்டடம், சாலை மாதிரி நிலைத்து நிற்கிற சொத்துக்குத்தான். சொல்லித்தருகிறவருக்குச் சம்பளம் என்றால் அதில் வழியில்லை. மனுவில் ‘கலை’ என்ற சொல்லைப் பார்த்ததும் யாரோ அந்தப் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். தெருக்கூத்துக்கு மேடை எதற்கு? மூன்று பக்கமும் ஜனம் உட்கார, மண்ணில் ஆடுகிற ஆட்டம். சலங்கை கட்டிக்கொண்டு விடிய விடிய சிமென்ட் தரையில் குதித்தால் முட்டி என்னத்துக்கு ஆகும்?

சரி என்று மறுபடி திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போனோம். அங்கே ஒரு சிக்கலும் இல்லை. மனு எண் போட்ட ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சிக்கல் அடுத்த அலுவலகத்தில். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இல் வந்தது. ஆனாலும் எங்கள் குழுவில் பாதிப் பேரிடம் அதன் உறுப்பினர் அட்டை இல்லை. அதற்கு விண்ணப்பிக்கப் போனால் எழுத்தர் நிமிர்ந்தே பார்க்காமல், “கலைஞர்னு என்ன ஆதாரம்?” என்றார். கூத்தில் கோமாளியாக வருகிற கட்டியங்காரன் வேஷம் கட்டுகிற அண்ணன் சும்மா இருப்பாரா? “வேஷத்தைக் கலைச்சிட்டுத்தானே சார் வந்திருக்கேன்!” பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். எழுத்தர் சிரிக்கவில்லை.

ஆதாரம் என்று கோயில் நோட்டீஸ்களைத் தேடி எடுத்தோம். எல்லாவற்றிலும் ‘இரவு 10 மணிக்கு தெருக்கூத்து நடைபெறும்’ என்று ஒரே வரி. நன்கொடை கொடுத்தவர் பெயரெல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும், ஆடினவன் பெயர் இருக்காது. அப்படியே இருந்தாலும் அது ஊரில் கூப்பிடுகிற பெயர், ஆதாரில் வேறு பெயர். கடைசியில் அக்கம்பக்கத்து ஊர்த் தர்மகர்த்தாக்களிடம், எந்த வருஷம் யார் என்ன வேஷம் கட்டினார் என்று, ஆதாரில் உள்ள பெயரிலேயே கடிதம் வாங்கிக் கொடுத்தோம். அது செல்லுபடியானது. உங்கள் ஊர் நோட்டீஸில் இந்த வருஷமே கலைஞர்கள் பெயரைப் போடச் சொல்லுங்கள். பிரஸ்ஸில் கூடுதலாக நாலு வரி, காசு ஒன்றும் ஏறாது.

அப்புறம் மே 1 கிராம சபை. கூத்துப் பயிற்சிக்கு அரசு நிதி ஒதுக்கக் கோரி ஒரு தீர்மானம் வேண்டும் என்றோம். “அஜெண்டாவில் இல்லை” என்றார் ஊராட்சிச் செயலர். நல்லவேளை, மகளிர் குழு அக்காக்கள் எங்களுக்கு முன்னால் எழுந்துவிட்டார்கள். “எங்க பிள்ளைங்கதானே கத்துக்கப் போகுது, எழுதுங்க” என்று ஒரே சத்தம். எழுதினார். கூட்டம் கலைகிற நேரத்தில் பதிவேட்டை வாங்கிப் பார்த்தால், ‘கலை நிகழ்ச்சிகள் குறித்து விவாதிக்கப்பட்டது’ என்று இருக்கிறது! விவாதித்ததை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்தில் போய் நிற்பது? அந்த வரியை அடிக்கவைத்து, ‘நிதி ஒதுக்கக் கோரி ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதவைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டோம். நகலையும் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள். மறுநாள் போனால் செயலர் பி.டி.ஓ. ஆபீஸ் போயிருப்பார்.

இதுவரை கைக்கு வந்தது என்றால், உடுப்பு, இசைக்கருவி வாங்க இயல் இசை நாடக மன்றம் வழியாகக் கொடுக்கிற 10,000 ரூபாய் குழுவில் இரண்டு பேருக்குக் கிடைத்தது. ஒருவர் தோளில் கட்டுகிற புஜக்கட்டையைக் கல்யாண முருங்கை மரத்தில் புதிதாகச் செய்யக் கொடுத்திருக்கிறார். கண்ணாடிச் சில்லு ஒட்டுகிற வேலை பாக்கி.

பயிற்சிக்குக் காசு வரவில்லை. 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். 30 நாள் கெடு முடிவதற்குள் பதில் வந்துவிட்டது: கிராம அளவில் கூத்துப் பயிற்சிக்கு இந்த அலுவலகத்துக்கு நிதி ஒதுக்கீடு ஏதும் இல்லை. படித்ததும் வாத்தியார் முகம் தொங்கிப் போனது. எனக்கு என்னவோ சந்தோஷம்தான். இத்தனை நாள் ‘பார்க்கலாம்’, ‘மேலே அனுப்பியிருக்கு’ என்று வாயால் சொன்னார்கள். இப்போது ‘இல்லை’ என்பது முத்திரையோடு காகிதத்தில் இருக்கிறது. தீர்மான நகலோடு அதையும் சேர்த்து எம்.எல்.ஏ.விடம் கொடுத்து, சட்டசபையில் மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசச் சொல்லியிருக்கிறோம். ஒரு ஊர்த் தீர்மானம் என்றால் பேசுவாரா தெரியாது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் கூத்துக் குழு இருக்கிற மற்ற ஊர்களும் இதே தீர்மானத்தைப் போட்டால் கணக்கு வேறு. வாசகம் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.