மணியின் மூச்சை எண்ணிய பத்து மாதங்கள்

போன சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஓர் அம்மா, தன் வீட்டு நாய்க்குப் பதினோரு வயது ஆகிறது, ராத்திரியில் இருமிக்கொண்டே இருக்கிறது என்றார். சொல்லிவிட்டு அவரே "வயசாச்சுல்ல டீச்சர்" என்று முடித்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார். அந்த ஒரு வார்த்தை அன்று முழுக்க என் மனதைவிட்டுப் போகவில்லை. நாங்களும் அதையேதான் ஒன்றரை வருடம் சொல்லிக்கொண்டிருந்தோம். அவருக்குச் சொல்ல நினைத்ததை முழுசாக இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மணி ஃபாக்ஸ் டெரியர் கலப்பு, ஒன்பது கிலோ. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த இரண்டாம் வருடம், 2010-ல், குட்டியாக வீட்டுக்கு வந்தான். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு மணி உண்டு, அதனால் அந்தப் பெயர். டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கிற இந்த வீட்டில் அத்தை, அதாவது என் மாமியார், பிள்ளைகளுக்கு ஆயா, அவரோடுதான் பகல் முழுக்க இருப்பான். அவர் கறிவேப்பிலை பறிக்கப் போனால் பின்னாலேயே போவான், அவர் டீ குடித்தால் முறுக்கில் பாதி அவனுக்கு.

2022 மார்ச்சில் ரேபிஸ் ஊசிக்குக் கொண்டுபோனோம். இந்த நாட்டில் நாய்க்கு அந்த ஊசி சட்டப்படி கட்டாயம், அதிலும் எங்கள் குவாஸூலு-நட்டால் மாகாணத்தில் ரேபிஸ் இன்னும் இருக்கிறது, தள்ளிப்போடக் கூடாது. ஊசி போடுமுன் வெட், அதாவது கால்நடை மருத்துவர், ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டார். இதயத்தில் இரைச்சல் இருக்கிறது, ஆறு படியில் மூன்றாம் படி, ஒரு எக்ஸ்ரே எடுத்து இதயம் பெரிதாகியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார். மணி அப்போது மேசையிலிருந்து குதிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு துள்ளுகிற நாய்க்கு என்ன வந்துவிட்டது என்று அடுத்த மாதம் பார்க்கலாம் என்றோம். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

சின்ன ரக நாய்களுக்கு வயதான பின் மிகச் சாதாரணமாக வருகிற இதயக் கோளாறு இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இதயத்தின் இடது பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் வால்வு தடித்துப்போய்ச் சரியாக மூடாது. ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் ரத்தம் பின்னால் கசியும். அதை ஈடுகட்ட இதயம் பெரிதாகிக்கொண்டே போகும், கடைசியில் நுரையீரலில் நீர் கோக்கும். இதயம் பெரிதாகிவிட்டது, ஆனால் இன்னும் மூச்சிரைப்பு வரவில்லை என்கிற கட்டத்திலேயே, இதயத் துடிப்புக்கு வலுவூட்டும் பிமோபெண்டன் மாத்திரையைத் தொடங்கினால் அந்த நீர் கோக்கும் நாளைச் சராசரியாகப் பதினைந்து மாதம் தள்ளிப்போடலாம் என்று 2016-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. பதினைந்து மாதம். நாங்கள் சும்மா விட்டது பதினெட்டு மாதம். எக்ஸ்ரேயில் அன்று என்ன தெரிந்திருக்கும் என்று இனி யாராலும் சொல்ல முடியாது, ஆனால் இந்தக் கணக்கை நான் எத்தனையோ ராத்திரி போட்டுப் பார்த்திருக்கிறேன்.

2023-ல் இருமல் ஆரம்பித்தது. வேறொரு கிளினிக்கில் காட்டினோம், இரண்டே நிமிடம் பார்த்துவிட்டு வயசு, குளிர் என்று சொல்லி இருமல் மருந்து கொடுத்தார்கள். இரைச்சல் பற்றி நானும் வாயைத் திறக்கவில்லை, அவர்களும் நெஞ்சில் கை வைக்கவில்லை. "வயசாயிடுச்சி மா, அதுக்கு இன்னா பண்ணுவாங்க" என்றார் அத்தை. காது மங்கியிருந்தது, பின்னங்கால் மூட்டு வலி வேறு இருந்தது, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வயது என்று பெயர் வைத்துவிட்டோம்.

செப்டம்பரில், புரட்டாசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு அத்தை என் அறைக் கதவைத் தட்டினார். மணி நடையில் நின்றுகொண்டிருந்தான். படுக்கவில்லை. முன்னங்கால்கள் இரண்டையும் அகட்டி வைத்து, கழுத்தை நீட்டி, வயிற்றை உள்ளே இழுத்து இழுத்து மூச்சுவிட்டான். படுத்தால் மூச்சு வராது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு ரோஜா நிறமாக இல்லை, சாம்பல் பூத்தமாதிரி இருந்தது. துண்டில் சுற்றி, ராத்திரியிலும் திறந்திருக்கும் கிளினிக்குக்கு ஓடினோம். அவர்கள் எங்களிடம் அதிகம் கேட்கவில்லை, நேராக உள்ளே வாங்கிக்கொண்டு போய் ஆக்ஸிஜன் கூண்டில் வைத்து, நுரையீரல் நீரை இறக்கும் ஃபுரோசமைட் ஊசி போட்டார்கள். விடியும்போது அவன் படுத்திருந்தான். அவன் படுத்திருக்கிறான் என்ற செய்திக்கு நானும் கணவரும் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று அழுதோம்.

அப்புறம்தான் நிஜமான வேலை. பிமோபெண்டன் காலையும் மாலையும், வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால். நீர் பிரிக்கும் ஃபுரோசமைட்டும் இரண்டு வேளை. கூடவே ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் பெனாசெப்ரில். ஃபுரோசமைட் கொடுத்தால் தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பான், மூத்திரமும் போய்க்கொண்டே இருப்பான். வீட்டில் ஈரம் செய்கிறான் என்று தண்ணீர்ச் சட்டியைத் தூக்கி வைக்கவே கூடாது, சிறுநீரகம் கெட்டுவிடும் என்று வெட் இரண்டு முறை அழுத்திச் சொன்னார். மாத்திரை தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் எடுத்து, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்தார்கள், பிறகும் அவ்வப்போது பார்த்தார்கள். மருந்துக்கே மாதம் ஆயிரம் ரேண்டுக்கு மேல் போனது. எங்களிடம் இன்ஷூரன்ஸ் இல்லை.

ஆனால் எல்லாவற்றையும்விட எங்களுக்கு உதவியது காசே செலவில்லாத ஒரு காரியம். கிளினிக்கில் இருந்த நர்ஸ் பெண் கற்றுக்கொடுத்தாள். நாய் நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணு, ஏறி இறங்கினால் ஒன்று, முப்பது வினாடி எண்ணி இரண்டால் பெருக்கு. நிமிடத்துக்கு முப்பதுக்குக் கீழே இருந்தால் நிம்மதியாகப் படு. முப்பதைத் தாண்டிக்கொண்டே இருந்தால் இருமல் வரும்வரை காத்திருக்காதே, கூப்பிடு. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கனவு கண்டு காலை உதைக்கும்போது எண்ணக் கூடாது, நாக்கை நீட்டி இளைத்துக்கொண்டிருக்கும்போதும் எண்ணக் கூடாது, ஆழ்ந்த தூக்கத்தில் எண்ண வேண்டும். பிள்ளைகளின் பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துத் தேதி, எண்ணிக்கை, சாப்பிட்டானா என்று மூன்று கட்டம் போட்டேன். கரண்ட் போகிற ராத்திரிகளில் டார்ச்சைச் சுவரில் அடித்து அந்த மங்கல் வெளிச்சத்தில் எண்ணுவேன். 22, 24, 21, 26. ஜனவரியில் ஒரு நாள் 34, மறுநாள் 38. அவன் வாலாட்டிக்கொண்டுதான் இருந்தான், பார்த்தால் ஒன்றுமே தெரியாது. போன் செய்தேன், மருந்தளவைக் கூட்டினார்கள், மூன்றாம் நாள் 25. ஆக்ஸிஜன் கூண்டுக்கு அவன் அந்த முறை போகவில்லை.

புரட்டாசி பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கே தமிழ்க் குடும்பங்கள் புரட்டாசியை எவ்வளவு கறாராகப் பிடிக்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மாதம் முழுக்க வீட்டில் கவிச்சி கிடையாது, பாத்திரமே தனி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மணியோ பாக்கெட் உணவை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. உப்பில்லாமல் வேகவைத்த கோழியும் சோறும் கொடுத்துப் பாருங்கள், இப்போதைக்கு அவன் சாப்பிடுவதுதான் முக்கியம் என்றார் வெட். எப்படிக் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருக்கையில் அத்தையே பின்கட்டில் கேஸ் அடுப்பை வைத்து, ஒரு பழைய அலுமினியச் சட்டியை எடுத்து, "சீக்காளிக்கி ஏதும்மா வெரதம்" என்று வேகவைத்துவிட்டார். பிறகு குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். மாதம் முடியும்வரை தினமும் அப்படியே செய்தார், எழுபத்தாறு வயதில்.

உப்பு விஷயத்தில்தான் நாங்கள் அதிகம் தப்பு செய்திருந்தோம். மாத்திரையை வியன்னா சாஸேஜ் துண்டுக்குள் ஒளித்துக் கொடுப்பது இங்கே எல்லார் வீட்டுப் பழக்கமும்தான், போலனி என்கிற பதப்படுத்திய இறைச்சியும் சீஸும்கூட. மூன்றிலும் உப்பு கொட்டிக் கிடக்கிறது, இதய நோய் நாய்க்கு அது ஆகாது. அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை உருட்டி அதற்குள் வைத்தோம். வேர்க்கடலை வெண்ணெய் வைப்பவர்கள் டப்பாவில் சைலிட்டால் என்கிற இனிப்புப் பொருள் இருக்கிறதா என்று கட்டாயம் படியுங்கள், நாய்க்கு அது விஷம். கறிக்குழம்பு மிச்சத்தைப் போடுகிற வழக்கத்தையும் நிறுத்தினோம், உப்பு ஒருபுறம், வெங்காயம் நாயின் ரத்த அணுக்களையே உடைக்கும். மூட்டு வலிக்கு நாம் சாப்பிடுகிற ஐபுப்ரோஃபென், பாரசிட்டமால் எதையும் கொடுத்துவிடாதீர்கள். நாய்களுக்கென்றே இருக்கும் வலி மாத்திரைகளைக்கூட, ஃபுரோசமைட் சாப்பிடும் மணிக்குச் சிறுநீரகத்தை நினைத்து வெட் வேண்டாம் என்றார். அதனால் நகத்தை ஒட்ட வெட்டினோம், வழுக்கும் டைல்ஸ் மேல் நடை முழுக்க ரப்பர் அடித்த மிதியடிகளை வரிசையாகப் போட்டோம். முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. சறுக்கிவிடுவோம் என்ற பயத்தில்தான் இத்தனை நாள் எழுந்திருக்காமல் கிடந்திருக்கிறான்.

அந்த வருடம் தீபாவளி நவம்பர் 12. சாட்ஸ்வர்த் தீபாவளியில் வானம் முழுக்கச் சத்தம், ஒவ்வொரு வருடமும் எஸ்பிசிஏ என்கிற விலங்கு நலச் சங்கத்துக்காரர்கள் நாய்களை உள்ளே வையுங்கள் என்று கேட்டுக்கொள்வார்கள். வெடி நம் பண்டிகையின் சந்தோஷம், அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் பயந்து ஓடி இதயம் படபடத்தால் இவனுக்கு அதுவே முடிவாகிவிடலாம். தெரு வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தை அப்படியே எழுதினேன். எதிர்வீட்டுத் தாத்தா தன் பேரன்களை மைதானத்துக்குக் கூட்டிப்போய்விட்டார், பக்கத்து வீட்டில் ஏழு மணிக்குள் முடித்துக்கொண்டார்கள். வெட் கொடுத்திருந்த அமைதி மருந்தைச் சாயங்காலமே கொடுத்து, ஜன்னல் இல்லாத நடைப்பகுதியில் அத்தை அவன் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து, திருப்புகழ் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டார். அன்று ராத்திரி எண்ணிக்கை 27.

2024 பிறந்த பிறகு இன்னொன்று வந்தது. நடு ராத்திரியில் எழுந்து நடப்பான். கதவு திறக்கிற பக்கத்தை விட்டுவிட்டு, கீல் இருக்கிற பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டு திறக்குமென்று நிற்பான். மூலையில் போய் மாட்டிக்கொண்டு பின்னால் வரத் தெரியாமல் நிற்பான். மனிதர்களுக்கு வருகிற மறதி நோய் மாதிரி நாய்க்கும் வருமாம். நடையில் ஒரு சின்ன விளக்கை ராத்திரி முழுக்க எரியவிட்டோம், மேசை நாற்காலி எதையும் இடம் மாற்றவில்லை, சாயங்காலம் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் பத்து நிமிடம் உலவவிட்டோம். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை.

ஜூன் கடைசியில் நோட்டில் 36, 40, 41. மருந்தைக் கூட்டினால் சிறுநீரகம் தாங்கவில்லை, கிரியேட்டினின் ஏறியது, சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினான். குறைத்தால் நுரையீரலில் நீர். இரண்டுக்கும் நடுவே இருந்த இடம் வாரத்துக்கு வாரம் ஒடுங்கிக்கொண்டு வந்தது. இரண்டு தடவை மயங்கி விழுந்தான். ஊசி போட்டு அனுப்பிவிடுவது பற்றி வெட் மெதுவாகச் சொன்னபோது, அத்தையிடம் அதை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பைரவர் என்று கும்பிடுகிறவர். இரண்டு நாள் மறைத்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் அவரே சொன்னார், "ராவெல்லாம் குந்திக்கினே இருந்துச்சி மா. மூச்சுக்கு அது படற பாட்ட பாக்க முடியல. அந்த டாக்டர வரச் சொல்லு."

வீட்டுக்கே வந்தார். இதில் என்ன நடக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். முதலில் தூக்க மருந்து. சில நிமிடத்தில் தலை சாய்ந்தது, மாதக்கணக்கில் நான் பார்க்காத அளவுக்கு ஆழமாகத் தூங்கினான். பிறகு முன்னங்காலில் கொஞ்சம் மயிரை மழித்து நரம்பில் ஊசி. கண் மூடாது, திறந்தேதான் இருக்கும். இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு மூச்சு இழுக்கும், அவனுக்கு அது தெரியாது. மூத்திரம் வந்துவிடும், கீழே துண்டு போட்டு வையுங்கள். அத்தை நெற்றியில் விபூதி இட்டார். நான் கை வைத்திருந்தது அவன் நெஞ்சில், பழக்கத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மிச்சமிருந்த மாத்திரைகளைக் கிளினிக்கில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். நடையில் போட்ட மிதியடிகளைச் சுருட்டலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை குனிந்தேன். அத்தை தடுத்துவிட்டார். அவர் காலுக்கும் டைல்ஸ் வழுக்குகிறதாம், அப்படியே கிடக்கட்டும் என்றார்.