சித்திரையில் சேறு

"இந்த வெயிலில் ஏதுடா இவ்வளவு சேறு?" என்று அப்பா கேட்டபோதுதான் காணொளியை நிறுத்திப் பார்த்தேன்.

மேல் பர்மாவில் சகாயிங் பக்கம் நேற்று எரிந்த ஊர் என்று சித்தி அனுப்பியிருந்தார். அதில் ஓடுகிறவர்களுக்குக் கணுக்கால்வரை சேறு. கூரை விளிம்பில் நீர் விடாமல் சொட்டுகிறது.

இங்கே யாங்கோனில் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்தே சில நாள்தான் ஆகிறது. மேல் பர்மாவோ இப்போது காய்ந்து கிடக்கும்.

இராணுவம் ஊர்களை எரிப்பது பொய்யில்லை. அதனால்தான் இது என்னை உறுத்துகிறது.

1988இல் சிற்றலை வானொலியைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு பிபிசி பர்மியச் சேவையைக் கேட்டவர் அப்பா. 2021 மார்ச்சில் மிஸ்ஸிமா, டிவிபி உட்பட ஐந்து செய்தி நிறுவனங்களின் உரிமத்தை இராணுவம் பறித்தபின், அரசுச் செய்தியை நம்பாமலிருப்பது எங்கள் வீட்டில் பழக்கமாகவே ஆகிவிட்டது. (முகநூலும் தடைதான், இதைக்கூடத் தடையைத் தாண்ட உதவும் விபிஎன் வழியாகத்தான் எழுதுகிறேன்.)

ஆனால் அரசு சொல்வதெல்லாம் பொய் என்று பழகிய மனம், இராணுவத்தை எதிர்ப்பவர்களின் பெயரில் வருவதையெல்லாம் கேள்வியின்றி மெய் என்று எடுத்துக்கொள்கிறது. இப்படி ஒரு பழைய காணொளி பிடிபட்டால் போதும், உண்மையாகவே எரிந்த ஊரையும் கட்டுக்கதை என்று தள்ளிவிட இராணுவத்துக்கு வசதியாகிவிடும்.

"சித்தி, இது எந்த மாதம் எடுத்தது என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்று எழுதினேன். பார்த்துவிட்டார், ஒரு மணி நேரமாகப் பதிலில்லை. அப்பா இன்னும் அந்தக் கூரையையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.