ஆயத்த ஆண்டு ருமேனிய வாய்மொழித் தேர்வு: நான்கிலிருந்து எட்டு

ருமேனியாவில் பட்டப்படிப்புக்கு முன் வெளிநாட்டு மாணவர்கள் ருமேனிய மொழி படிக்கும் ஆண்டுதான் ஆயத்த ஆண்டு. அதன் தேர்வு முடிவுப் பட்டியலை நேற்று மதியம் ஒட்டினார்கள். பத்துக்கு எட்டு. ஜூனில் இதே வாய்மொழித் தேர்வில் நான்கு வாங்கித் தோற்று, விடுமுறைக்கு ஊருக்கும் போகாமல் கோடை முழுக்க விடுதி அறையிலேயே கிடந்தவனுக்கு இந்த எட்டு எவ்வளவு பெரிது என்பது ஆயத்த ஆண்டு படித்தவர்களுக்குத் தெரியும். எழுத்துத் தேர்வு, கேட்டல் பகுதி பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது கடைசிப் பகுதி பற்றி மட்டும்தான், ஒரு ருமேனிய ஆளுமையைப் பற்றிப் பேசச் சொல்வார்களே, அது.

நான் எடுத்தவர் பனாயித் இஸ்த்ராத்தி, எழுத்தாளர், பத்திரிகையாளர். பெரும்பாலானோர் ருமேனியாவின் தேசியக் கவிஞர் எமினெஸ்குவை எடுப்பார்கள். கவிதை மொழி எனக்கு வராது, அதனால் இவர். ஆள் தேர்வில் தவறில்லை, படித்த விதத்தில்தான் தவறு. பிறப்பு முதல் இறப்பு வரை பதினோரு ஆண்டு எண்களை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ருமேனிய மொழியில் 1884 என்று சொல்ல ஏழு சொற்கள் வேண்டும்: ஓ மியே ஓப்த் சுதே ஓப்த்ஸெச் ஷி பாத்ரு. மூன்றாவது ஆண்டிலேயே நாக்கு பிசகிவிட்டது, அதற்குப் பின்னால் இருந்த அத்தனையும் சரிந்தது. தேர்வாளர் அம்மா பொறுமையாகத்தான் கேட்டார்: "இவர் ருமேனியர், பிறகு ஏன் பிரெஞ்சில் எழுதினார்?" எனக்கு ஆண்டு தெரியும், ஏன் என்று தெரியாது. "சுவிட்சர்லாந்து, 1916" என்று சொல்லிவிட்டு நின்றேன். அந்த அமைதி எவ்வளவு நேரம் நீடித்தது என்று இன்றும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

கோடையில் என்னை மீட்டது தெருமுனையில் கொவ்ரிகி என்ற வளைய ரொட்டி விற்கும் வயதான அம்மா. நம் ஊரில் பிள்ளைகளைப் பார்த்து "என்னப்பா" என்பது போல இங்கே வயதான பெண்கள் சிறுவயதுக்காரர்களை "மாமெ" என்று கூப்பிடுவார்கள். ஒருநாள் அவரிடம் இஸ்த்ராத்தியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். ஆண்டு சொன்னால் காதிலேயே வாங்கமாட்டார், எள் தூவிய வளையங்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டே இருப்பார். யாராவது ஏதாவது செய்தால் மட்டும் கை நிற்கும், "ஷி பே உர்மெ?" என்பார். அப்புறம்? அந்த ஒரு கேள்விதான் நான் கண்ட மொத்த உத்தியும். உங்கள் உரையை யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், அவர் "அப்புறம்?" என்று கேட்காத இடத்தை வெட்டிவிடுங்கள்.

அப்படி வெட்டி வெட்டி மிஞ்சிய கதை இது. டான்யூப் நதித் துறைமுகமான பிரயிலாவில் துணி வெளுத்துப் பிழைத்த தாயின் மகன். தந்தை கிரேக்கர், பிள்ளைக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டார். தொடக்கப் பள்ளியோடு படிப்பு முடிந்து, கிரேக்கர் ஒருவரின் மதுக்கடையில் பையனாக வேலை. அங்கே வந்து உட்காரும் வயதான கப்பல் தலைவர் மவ்ரோமதி அவனுக்கு ஓர் அகராதியைக் கொடுக்கிறார், லாசர் ஷெயினியானுவின் ருமேனிய அகராதி. வேலைக்கு நடுவே முதலாளி கண்ணில் படாமல் அதைப் புரட்டுகிறான். மொழித் தேர்வுக்கு அகராதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எனக்கு இந்த இடத்தைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது, அதனால்தான் அதை மறக்கவே இல்லை.

அப்புறம்? துறைமுகத் தொழிலாளர் போராட்டங்களில் நிற்கிறார், 'ரொமானியா முன்சிதோரே' என்ற சோசலிஸ்ட் பத்திரிகையில் எழுதுகிறார். எகிப்து வரை அலைகிறார். சுவிட்சர்லாந்தில் காசநோயோடு, முப்பது வயதுக்கு மேல், மறுபடியும் அகராதியை வைத்துக்கொண்டு பிரெஞ்சு படிக்கிறார். பிரெஞ்சு எழுத்தாளர் ரொமைன் ரோலாந்தின் நூல்களை வாசித்து அவருக்குக் கடிதம் எழுதுகிறார். 1921 தொடக்கத்தில் நீஸ் நகரில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றபோது ரோலாந்துக்கு எழுதிய ஒரு கடிதம் அவரிடம் இருந்தது. அது உரியவரைச் சேர்ந்தது. எழுதுங்கள் என்று ரோலாந்து ஊக்கினார். 1924இல் பிரெஞ்சில் எழுதிய 'கிரா கிராலினா' ரோலாந்தின் முன்னுரையோடு புத்தகமாக வந்தது.

ஜூனில் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருந்தது. அவர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்ட முதல் பெரிய மனிதர் பிரெஞ்சுக்காரர். அவருக்குப் புரிய வேண்டிய மொழியில் எழுதினார். பிறகு சில நூல்களைத் தாமே ருமேனிய மொழிக்குக் கொண்டுவந்தார். செப்டம்பர் மறுதேர்வில் வேறொரு தேர்வாளர் இதே கேள்வியைக் கேட்டார், இதைத்தான் சொன்னேன்.

இனி சுருக்கமாகச் சில:

- ஆண்டு நான்கு போதும். நான் வைத்தவை 1884, 1924, 1929, 1935. ஒவ்வொன்றையும் ஐம்பது முறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.
- நடந்து முடிந்த செயலுக்கு ஒரு வினை வடிவம், வழக்கமாக நடந்துகொண்டிருந்ததற்கு வேறு வடிவம். "அ சிதித்" என்றால் படித்தான், "சிதியா" என்றால் படித்துக்கொண்டிருந்தான். அகராதிக் காட்சியில் இரண்டும் வருகின்றன, அதை வைத்தே பழகுங்கள்.
- தேர்வாளரிடம் "தூ" வேண்டவே வேண்டாம். "தும்னியவோஸ்த்ரா" மட்டும். நீ, நீங்கள் வேறுபாடு நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது, பதற்றத்தில்தான் தவறுகிறது.
- இடையில் குறுக்கிட்டால் விட்ட இடத்துக்கு ஓடாதீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்லி அங்கிருந்தே தொடருங்கள்.

இதெல்லாம் என்னைப் போல் கூச்சப்பட்டு மனப்பாடத்தில் ஒளிபவர்களுக்கு. சரளமாகப் பேசுபவர்களுக்கு வேறு சிக்கல்கள் இருக்கலாம், அதை அவர்கள்தான் எழுத வேண்டும்.

பத்திரிகையாளர் பகுதியை விட்டுவிடாதீர்கள், மதிப்பெண் அங்கே இருக்கிறது. 1927இல் சோவியத் நாட்டுக்கு ஆசையோடு போகிறார், அங்கே கிரேக்க எழுத்தாளர் கசன்ட்சாகிஸோடு சேர்ந்து நெடுந்தூரம் சுற்றுகிறார். பார்த்தது வேறாக இருந்ததால் 1929இல் அதை அப்படியே புத்தகமாக எழுதுகிறார். வெளியிட வேண்டாம் என்று ரோலாந்தே சொன்னார். வெளியிட்டார், கூட இருந்தவர்கள் பலர் விலகிப் போனார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ருமேனியாவின் லுபேனி என்ற ஊரில் சுரங்கத் தொழிலாளர்களைப் படை சுட்டுக் கொன்றபோது அங்கேயும் போய் எழுதினார். "அப்படியானால் அவர் எந்தப் பக்கம்?" என்று என்னிடம் கேட்டார்கள். சுடப்பட்டவர்கள் பக்கம் என்றேன். இலக்கணம் கொஞ்சம் பிசகியது, இருந்தும் தேர்வாளர் தலையாட்டினார். 1935 ஏப்ரலில் காசநோயால் புக்கரெஸ்ட்டில் இறந்தார், ஐம்பது வயது.

முடிவு வந்ததும் நேராகக் கொவ்ரிகி கடைக்குத்தான் போனேன். இரண்டு வளையம் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. சான்றிதழ் வாங்க அசல் கடவுச்சீட்டு கேட்கிறார்கள், நகலோடு போய் அலையாதீர்கள். என் சொற்பட்டியல் நோட்டு வேண்டுமென்றால் கேளுங்கள், படம் எடுத்து அனுப்புகிறேன்.